காதும் காதும் வைத்த மாதிரி

தமிழில் காதைப் போல அடிபட்ட உறுப்பு வேறு எதுவும் இல்லை. ஒருவன் ஏமாற்றினால் நமக்குக் காது குத்துகிறான். புருடா விட்டால் காதில் பூ சுற்றுகிறான். கைமாற்றுக் கேட்டால் மட்டும் நண்பர்களுக்குக் காதே கேட்பதில்லை. இத்தனை வேலைக்கும் பயன்படுகிற காதைக் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது யாரும் சட்டை செய்வதில்லை. மீசை சரியாக இருக்கிறதா, முன் நெற்றி இன்னும் எத்தனை தூரம் பின்வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காதுகள் இரண்டு ஓரத்திலும் சிவனே என்று இருக்கும்.

சிவனே என்று இருக்காத காதுக்காரர்கள் சிலர் உண்டு. அடியேன் அதில் ஒருவன். முகம் வருவதற்கு முன்பே காது ஆஜராகிவிடும். ஸ்கூலில் என் பெயர் 'டிஷ் ஆன்டெனா'. என் அக்கா மகனுக்கும் அச்சு அசலாக அதே காது. அவனுக்கு ஆபீசில் வைத்திருக்கிற பெயர் 'வைஃபை'. டெக்னாலஜி வளர்ந்திருக்கிறதே ஒழிய, கிண்டல் அப்படியேதான் இருக்கிறது. இங்கேயும் அவனை வைஃபை என்றே கூப்பிடுகிறேன். நிஜப் பெயரைப் போட்டால் அக்கா என் காதைத் திருகிவிடுவாள். அவளுக்குப் பிடிக்க வசதியான காது வேறு.

பையனுக்கு வயது 25. பி.காம்., என்னைப் போலவே. (எங்கள் வீட்டில் காதும் காமர்ஸும் மாமன் வழிச் சொத்து.) கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு ராத்திரி என் வீட்டுக்கு வந்து, இரண்டு தோசை சாப்பிட்டு, மூன்றாவதைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, காது ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"ஏன்டா, காது கேக்கலையா?"

"நல்லாக் கேக்குது மாமா. எல்லாரும் பேசுறதும் கேக்குது. அதான் பிரச்னை."

எனக்குத் தோசை இறங்கவில்லை. தாய்மாமனாச்சே, தைரியம் சொல்ல வேண்டாமா? காந்தியை இழுத்தேன். "மகாத்மாவுக்கே இந்தக் காதுதான்டா. சரோஜினி நாயுடு அவரை 'மிக்கி மவுஸ்'னு செல்லமாக் கூப்பிடுவாங்களாம். அவர் என்ன ஆபரேஷனா பண்ணிக்கிட்டார்?"

வைஃபை நிமிர்ந்து பார்த்தான். "அவருக்கு 13 வயசுலயே கல்யாணம் ஆயிடுச்சு மாமா."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. அவன் திறந்தான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு முடியைச் சின்னதாக வெட்டியதில்லையாம். மழையில் நனைய மாட்டானாம், முடி ஒட்டிக்கொண்டால் காது வெளியே வந்துவிடும். பீச்சுக்குப் போனால் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பானாம். 2020-ல் ஊரெல்லாம் மாஸ்க் போட்டபோது மற்றவர்களுக்கு மூச்சு முட்டியது. இவனுக்கு எலாஸ்டிக் காதை இன்னும் முன்னால் இழுத்துவிட்டதில் அழுகை முட்டியிருக்கிறது. க்ரூப் போட்டோவில் அவன் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பதைப் பார்த்து நான் இத்தனை வருஷமாக அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, டாக்டரைப் பார்ப்போம் என்று கிளம்பினோம். இங்கே ஒரு விஷயம். தெருவுக்குத் தெரு 'காஸ்மெடிக் க்ளினிக்' போர்டு தொங்குகிறது. ஃபேஷியல் செய்கிற இடத்திலேயே பக்கத்து ரூமில் கத்தியும் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. போர்டில் உள்ள அழகிப் படத்தைப் பார்க்காதீர்கள். டாக்டர் பெயருக்குப் பின்னால் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்று இருக்க வேண்டும். காது மூக்கு தொண்டை நிபுணர்களிலும் இதைச் செய்து கை பழகியவர்கள் உண்டு. இதுவரை எத்தனை காது செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

டாக்டர் வைஃபையை உட்கார வைத்து, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, காதின் மேல் விளிம்பை விரலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினார். அவ்வளவுதான், காதின் நடுவே ஒரு மடிப்பு விழுந்தது. முகமே மாறிவிட்டது.

"இந்த மடிப்புதான் உங்களுக்கு இல்லை" என்றார்.

நீங்களும் தடவிப் பாருங்கள். வெளி விளிம்புக்கு உள்பக்கம், அதற்கு இணையாக ஒரு மேடு ஓடும். தாயின் வயிற்றில் இருக்கும்போது இந்தக் குருத்தெலும்பு சரியாக மடியாமல் போனால், காது விரித்த பனையோலை மாதிரி நின்றுவிடும். இன்னொரு காரணம், காதுத் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கிண்ணம் ரொம்ப ஆழமாக இருப்பது. கிண்ணம் ஆழமானால் காதை மண்டையிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். எங்கள் பரம்பரைக்கு இரண்டும். மண்டைக்கும் காது விளிம்புக்கும் இடைவெளி சுமார் 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சாதாரணம் என்பது டாக்டர்கள் கணக்கு. வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். அந்த எண் இங்கே தேவையில்லை.

அடுத்து டாக்டர் கேட்டது: "யார் சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லலை சார். நானாத்தான்."

"ஆபரேஷனுக்கப்புறம் என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

வைஃபை யோசித்தான். பொண்ணு அமையும், புரமோஷன் வரும் என்றெல்லாம் சொல்லிவிடுவானோ என்று நான் பயந்தேன். "முடி வெட்டிக்கலாம் சார்" என்றான்.

டாக்டருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று வருகிறவர்களையும், கண்ணுக்கே தெரியாத குறைக்காக நாலு டாக்டர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவாராம். "நான் காதைத்தான் மடக்க முடியும் தம்பி. கூச்சம் வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

பிறகு சட்டைக் கையைத் தூக்கச் சொல்லி, குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பைப் பார்த்தார். காதுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. சிலருக்குத் தழும்பு அடங்காமல் மேடு கட்டி வளரும். கீலாய்டு என்பார்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோல்களில் இது கொஞ்சம் அதிகம்; காது அதற்குப் பிடித்த இடம் வேறு. காது குத்திய ஓட்டையையும் தடவிப் பார்த்தார். அந்த ஓட்டைக்கு நான் சாட்சி. வைஃபை காதுக்கு முதல் ஆபரேஷன் நடந்தது இந்தத் தாய்மாமன் மடியில்தான். எனக்கு அப்போது 14 வயது. ஆசாரி குத்தினார், இவன் கத்தினான், நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

காதை வெட்டித் தைப்பது ஏதோ இங்கிலீஷ்காரன் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சுசுருத சம்ஹிதையில் கிழிந்த காது மடலை ஒட்டுவதற்கு 15 முறைகள் இருக்கின்றன. கனமான நகை போட்டுக் காது அறுந்தவர்கள் அந்தக் காலத்திலேயே வைத்தியர் வீட்டில் க்யூவில் நின்றிருக்கிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சிகளுக்குத் தோளைத் தொடும் காதில் பாம்படம் ஆடும். ஃபேஷன் மாறியதும் அந்தக் காதை அறுத்துத் தைத்துச் சின்னதாக்கிக் கம்மல் போட்டுக்கொண்ட ஆச்சிகளும் உண்டு. யாரும் அவர்களை 'என்ன, காஸ்மெடிக்கா?' என்று கேட்கவில்லை.

விரிந்த காதை ஒட்ட வைக்கும் ஆபரேஷனை 1881-ல் நியூயார்க்கில் ஈலி என்ற டாக்டர் எழுதி வைத்தார். நோயாளி 12 வயதுப் பையன். காரணம் என்ன தெரியுமா? கூடப் படிக்கிற பையன்கள் கிண்டல் செய்தார்கள். நியூயார்க் என்ன, நெல்லை என்ன. முதலில் ஒரு காது, சில வாரம் கழித்து இன்னொன்று. நடுவில் அந்தப் பையன் ஸ்கூலுக்குப் போனானா என்பதுதான் என் கவலை. அப்போது தோலையும் குருத்தெலும்பையும் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைத்தார்கள். அந்த மடிப்புதான் காணோம் என்று 1910-ல் லக்கெட் என்பவர் கண்டுபிடித்தார். 1963-ல் ஸ்காட்லாந்துக்காரர் முஸ்டார்டே, எதையும் வெட்டி எறியாமல் பின்பக்கத்திலிருந்து தையல் போட்டே மடிப்பைக் கொண்டு வரலாம் என்று காட்டினார். இன்றைக்கும் அவர் தையல்தான் பல இடங்களில் ஓடுகிறது.

இனி பணம். இந்த இடத்தில் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. ஊருக்கு ஊர், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறுகிற தொகையை எழுதி உங்களைக் குழப்பப் போவதில்லை. ஆனால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர், மயக்க டாக்டர், மருந்து, கட்டு மாற்றுவது எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சரியாக வராவிட்டால் மறுபடி செய்ய என்ன வாங்குவார்கள் என்பதையும் முன்பே கேளுங்கள். ஆபீசில் எடுத்த மெடிக்ளெய்மை நம்பாதீர்கள். அழகுக்கான ஆபரேஷன் அதில் விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பது என்றால்தான் பேச்சு. ஜி.எஸ்.டி.யில் இன்னும் வேடிக்கை. வைத்தியத்துக்கு வரி விலக்கு. அழகு ஆபரேஷனுக்கு வரி உண்டு. பிறவிக் குறையைச் சரிசெய்தால் மறுபடி விலக்கு. அப்படியானால் எங்கள் காது பிறவிக் குறையா, இல்லையா? வரி மிச்சமாகும் என்றால் குறை என்று ஒப்புக்கொள்ள நான் தயார் என்றேன். வைஃபை என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

ஆபரேஷன் அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். சிகரெட், ஆஸ்பிரின் வகையறாவெல்லாம் முன்பே கட். குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குக் காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். ஊசி வலித்ததாம், அதற்கப்புறம் வலியில்லையாம். வலிக்குப் பதில் சத்தம். வேறு எந்த ஆபரேஷனிலும் இந்த வசதி கிடையாது. தன் காதில் நடப்பதைத் தன் காதாலேயே லைவாகக் கேட்கலாம். கத்தரி க்ரீச் என்பது, நூல் இழுபடுவது, டாக்டர் நர்ஸிடம் டிபன் என்ன என்று கேட்டது உள்பட.

காதுக்குப் பின்னால், மண்டையோடு சேரும் மடிப்பில் ஒரு கீறல். அதன் வழியாகக் குருத்தெலும்பை மடித்து, கரையாத நூலால் நாலைந்து தையல். ஆழமான கிண்ணத்தைப் பின்னால் இருக்கும் எலும்போடு இழுத்துக் கட்ட இன்னும் இரண்டு. குருத்தெலும்பு முரட்டுத்தனமாக இருந்தால் முன்பக்கம் லேசாகக் கீறிவிடுவதும் உண்டு. ஒரு பக்கம் கீறினால் அது மறுபக்கமாக வளையும். முழுசாக ஒன்றரை மணி நேரம். நான் வெளியே பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலையைச் சுற்றிப் பெரிய கட்டோடு வெளியே வந்தான். சினிமாவில் கார் விபத்துக்குப் பிறகு ஹீரோவுக்கு ஞாபகம் போகுமே, அந்தக் கட்டு. "நான் யார் தெரியுதா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே வீடு. முதல் இரண்டு நாள் விண் விண் என்று தெறிக்கும்; மாத்திரைக்கு அடங்கும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் ராத்திரி மணி இரண்டானாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கிற சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. நடுவில் ரத்தம் கட்டிக்கொண்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். காதின் வடிவமே கெட்டுவிடும். நாலைந்து நாள் கழித்துச் சிவந்து, சூடாகி, சீழ் வைத்தாலும் அதே அவசரம். 'சரியாப் போயிடும், மஞ்சள் வை' என்கிற வேலை இதில் வேண்டாம். வைஃபைக்கு மூன்றாம் நாள் ராத்திரி இடது பக்கம் வலிக்கிறது என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன் செய்து, ஆட்டோ பிடித்து ஓடினோம். கட்டு இறுக்கமாக இருந்ததாம். தளர்த்திவிட்டார்கள். டாக்டர் திட்டவில்லை, வந்தது நல்லது என்றார்.

ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். இந்தக் காட்சிக்கு மனசைத் தயார் செய்துகொண்டு போங்கள். காது கத்தரிக்காய்க் கலரில் வீங்கி, ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி மண்டையோடு இருக்கும். வைஃபை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, காதே இல்லை?" என்றான். முதலில் அப்படித்தான் தெரியுமாம். வீக்கம் வடியச் சில வாரம், இறுதி வடிவம் தெரியச் சில மாதம். காது மரத்துப்போய் ரப்பர் மாதிரி இருக்கும். உணர்ச்சி மெதுவாகத் திரும்பும். கேட்கும் திறனில் கூடுதல் குறைவு எதுவும் இல்லை. ஆபீசில் திட்டுவது முன்பு போலவே கேட்கும்.

ஆறு வாரம் ராத்திரி தலைக்கு எலாஸ்டிக் பட்டை. ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. டி ஷர்ட்டைத் தலை வழியாகக் கழற்றக் கூடாது. மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்குத் தழும்பு மேலேயே கொக்கி உட்காரும், ஜாக்கிரதை. எல்லாவற்றையும்விட ஹெல்மெட். போடும்போது ஒன்றுமில்லை, கழற்றும்போது காதை முன்னால் மடக்கி இழுத்துக்கொண்டு வரும். புதுத் தையல் என்ன ஆகும்? அதனால் ஆறு வாரம் பைக் கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் போகலாமே என்று நினைக்கிறவர்களுக்கு, காதைக் காப்பாற்றி மண்டையைக் கொடுப்பது நல்ல பிசினஸ் இல்லை. வைஃபை குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் போனான். கூட்ட நேரத்தில் எவன் முழங்கை எங்கே இடிக்கும் என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்பானாம். பக்கத்தில் போனில் பேசியவர்கள் எல்லாம் கோபித்துக்கொண்டு குரலைக் குறைத்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் கச்சிதமாக வந்துவிடும் என்று எந்த நல்ல டாக்டரும் சொல்ல மாட்டார். சிலருக்குத் தையல் விட்டுப்போய்க் காது பழையபடி எட்டிப் பார்க்கும். சிலருக்கு நூல் முனை வருஷம் கழித்துத் தோலுக்கு வெளியே தலை காட்டும். நடுக்காதை மட்டும் அதிகமாக ஒட்டிவிட்டால் மேலும் கீழும் துருத்திக்கொண்டு பழைய கறுப்பு டெலிபோன் ரிசீவர் மாதிரி ஆகிவிடும். 'டெலிபோன் காது' என்றே அதற்குப் பெயர். இரண்டு காதும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி வராது. பிரம்மாவே அப்படிச் செய்ததில்லை.

குழந்தைகளுக்கு ஐந்து ஆறு வயதிலேயே காது கிட்டத்தட்ட முழு அளவு வளர்ந்துவிடுவதால் அப்போதே செய்யலாம். இன்னும் சுலபமான வழி, பிறந்த முதல் சில வாரங்களில் கத்தியே இல்லாமல் அச்சு வைத்துக் கட்டுவது. அம்மாவின் ஹார்மோன் குழந்தையின் ரத்தத்தில் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும். அதுவரை குருத்தெலும்பு மெழுகு மாதிரி சொன்னபடி கேட்கும். அப்புறம் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான், கேட்காது. 25 வயதில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுப்பதெல்லாம் தலையணைக்குத்தான் நல்லது.

கட்டோடு இருந்த பத்து நாளும் வைஃபை லீவில் இருந்தான். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி. திரும்பிப் போன அன்று சாயங்காலம் எனக்குப் போன்.

"ஒருத்தனும் கண்டுபிடிக்கலை மாமா! வெயிட் குறைஞ்சிட்டியான்னு ஒருத்தன் கேக்குறான். மீசையை மாத்திட்டியான்னு இன்னொருத்தன். மேனேஜர், லீவுல நல்லாத் தூங்கினியாங்கிறார்."

குரலில் ஏமாற்றம் கொஞ்சம் இருந்தது. பதினைந்து வருஷம் அவனைத் தூங்கவிடாத காது, போனது கூடத் தெரியாமல் போய்விட்டதே! அடுத்த மாதம் சலூனுக்குப் போய் நன்றாக ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். போட்டோ அனுப்பினான். பக்கவாட்டுப் போஸ். அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். நல்ல காது. எனக்குத் தெரியாத காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அக்கா வாசலிலேயே அவன் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"அப்படியே தம்பி காதுல்லா அது. இப்படிப் பண்ணிட்டு வந்து நிக்கியேலே!"

"ஒரிஜினல் மாமாகிட்ட பத்திரமா இருக்கும்மா. நான் ஜெராக்ஸைத்தான் கரெக்‌ஷன் பண்ணேன்."

"உன் ஜீன்ல கரெக்‌ஷன் ஆகலடா" என்றேன், சும்மா இருக்க முடியாமல். "உன் பிள்ளைக்கு என் காது வந்தா?"

"டாக்டர் நம்பரை சேவ் பண்ணி வெச்சிருக்கேன் மாமா. பொறந்த மூணாம் நாளே போன்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல பொண்ணைப் பாப்போம்லே."